முட்டுக்கட்டை

பெட்டி வந்து பதினோரு வாரம்.
இன்னும் வால்தான்.
அதிலும் கிடைவால் மட்டும்,
விலா எலும்பு தெரிய மேசைமேல் கிடக்கிறது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்யார்ட் ஊரே போர்வைக்குள்.
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவந்தபின்
ஏழு மணிமுதல் என் கராஜ்
ஒரு விமானத் தொழிற்சாலை.
முதலாளி நான். கூலியாள் நான்.
துளையைக் கோணலாகப் போட்டதற்காக
வேலையைவிட்டுத் துரத்தப்படுபவளும்
ஆள் கிடைக்காமல் மறுநாளே
திரும்பச் சேர்க்கப்படுபவளும் நான்.

நீலப் படலத்தை உரிக்கையில்
அலுமினியம் சன்னமாகக் கிறீச்சிடும்.
பிறகு துளைகள்.
துளையின் விளிம்பில் பிசிறு.
விரல்நுனியால் தேடித் திருகி எடுக்கவேண்டும்,
முன்பக்கமும், பின்பக்கமும்.
எதற்கும் இரண்டு பக்கம் உண்டென்று
எந்தச் சண்டையிலும் நான்
இத்தனை பொறுமையாக ஒப்புக்கொண்டதில்லை.

தகட்டைப் போர்த்திக்
கவ்விகளைக் குத்தி நிறுத்தினால்
வால் ஒரு முள்ளம்பன்றி.
ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி
அந்த இடத்தில் ஒரு ரிவெட்.
வெளியிலிருந்து காற்றுச் சுத்தியல் அடிக்கும்.
உள்ளே, தோள்வரை கையை நுழைத்து,
இரும்புக் கட்டியால் யாராவது
முட்டுக்கொடுக்க வேண்டும்.
இரண்டு வேலைக்கும் என் கைகள் இரண்டு போதும் என்றுதான்
கையேடு சொல்கிறது.
கையேடு எழுதியவர் நெட்டையர்.

செவ்வாய் இரவு கதவு அதிர்ந்தது.
பக்கத்து வீட்டு நெஸ்டர் பலஹுரா.
பைஜாமாவுக்குமேல் பனிக்கோட்டு,
மீசையில் வெள்ளை.
"நாலு மணிக்கு எனக்கு ஷிப்டு.
மரங்கொத்திக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி
என்னம்மா இது?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.
நான் அவர் கையைப் பார்த்தேன்.
என்ன நீளம்.
"உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள்,
இதைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்றேன்.

முட்டுக்கட்டை போட வந்த மனிதர்
முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தகட்டுக்கு அந்தப்புறம் அவர் கை,
இந்தப்புறம் நான்.
காதுமூடிக்குமேல் பேச்சு ஏறாது.
ஒரு தட்டு: தயார்.
இரண்டு தட்டு: நன்றாக உட்கார்ந்தது.
மூன்று: போச்சு, துளைத்து எடு.
முதல் நான்கு ரிவெட்டுக்கும்
மூன்று மூன்றாகத் தட்டினார்.
ஐந்தாவதற்கு இரண்டு தட்டு.
கொஞ்சம் விட்டு, சம்பந்தமில்லாமல்,
இன்னும் இரண்டு.

பதின்மூன்றாவதில் என் கை வழுக்கியது.
தகட்டில் நகம் பதிந்தமாதிரி ஒரு பிறை.
மெழுகைப் போட்டு நிரப்பலாம்,
பெயிண்ட் மறைத்துவிடும்.
"நான் அசைந்துவிட்டேன்" என்றார்.
இல்லை, நான்தான். சொல்லவில்லை.

கோட்டை மாட்டும்போது கேட்டார்:
"பொட்டாஷ் சுரங்கத்தில் நான்
ஒரு கிலோமீட்டர் கீழே போகிறேன்.
நீ எவ்வளவு உயரம் போவாய்?"
மேசையைக் காட்டினேன்.
"இப்போதைக்கு இவ்வளவு."
அவர் குனிந்து மேசைக்கால்களை
அளப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நகர அலுவலகக் கடிதம் வந்தது.
இரவு நேர இரைச்சல், புகார் நகல் இணைப்பு,
கீழே அவர் கையெழுத்து.
தேதியைப் பார்த்தேன்: திங்கள்.
கதவைத் தட்டுவதற்கு முந்தைய நாளே
தபாலில் போட்டிருக்கிறார்.

பிரைமர் கலக்கும் டப்பாவுக்கடியில்
ஏதாவது ஒரு காகிதம் தேவைப்பட்டது.
பலஹுராவின் 'ஹு'வைச் சுற்றி
இப்போது ஒரு பச்சை வளையம்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு
சுரங்கத்துக் காதுமூடி கழுத்தில் தொங்க
அவர் வந்து நின்றபோது
அந்தக் காகிதம் மேசைமேல்தான் இருந்தது.
பார்த்தார்.
டப்பாவைத் தூக்கி, காகிதத்தைத் திருப்பிப்போட்டு,
டப்பாவை அதன்மேலேயே வைத்தார்.
"எத்தனை பாக்கி?"

இந்தப் பக்கம் நூற்று எழுபத்திரண்டு.

கோட்டைக் கழற்றினார்.
தகட்டுக்குள்ளிருந்து
ஒரு தட்டு.